கையும் ஞாபகம் வைத்திருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதானாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "படிப்பு ஏறாத புள்ளைங்களுக்குன்னே ஷூ கம்பெனி இருக்கு சார். அந்த வேலைக்கு மூளையா வேணும்?" நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அதே மண்டபத்தில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் வந்து பேசினாள். பதினைந்து வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. ஒரு நூல் விலகினாலும் அந்தத் துண்டு வீண். "எப்படிம்மா பிசகாம தைக்கிற?" என்று கேட்டேன். "தெர்ல சார். கை தானா போவுது" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எனக்கு ஞாபக சக்தி இல்லன்னு ரேங்க் கார்டுல எழுதுனீங்களே சார், ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

நான் எழுதியது தப்பு என்பதற்கு அறிவியலிலேயே சாட்சி இருக்கிறது. 1949இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதற்கு நாலு வருஷம் கழித்து, 1953இல், அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. இப்போது பேசியவரைச் சற்று நேரத்தில் யார் என்று கேட்பார்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு போட வேண்டும். மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும் ஹென்றிக்கு அது புது வேலைதான், முன்பு செய்ததே நினைவில்லை. ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது!

1985இல் பீட்டர் கிராஃப், டேனியல் ஷாக்டர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் இந்த இரண்டு வகைக்கும் பெயர் வைத்தார்கள். கேட்டால் சொல்ல முடிகிறதே, அது எக்ஸ்பிளிசிட் மெமரி. சொல்லத் தெரியாவிட்டாலும் செய்கையில் தெரிகிறதே, அது இம்ப்ளிசிட் மெமரி. நாம் பரீட்சை வைப்பது பெரும்பாலும் முதல் வகைக்குத்தான். அதில் தோற்ற பிள்ளைக்கு ஞாபகமே இல்லை என்று முத்திரை குத்திவிடுகிறோம். தராசை வைத்துக்கொண்டு நீளம் அளந்த கதை.

உடனே ஒருவர் வருவார்: "அப்போ அந்தப் புள்ளைங்களை அப்பன் தொழிலுக்கே அனுப்பிடலாமே?" ஐயா, அங்கேதான் வராதீர்கள். அந்த அறுவை சிகிச்சை நடந்த அதே 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு அதைத்தான் செய்யப் பார்த்தது. பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது போனது. கை ஞாபகம் ரத்தத்தில் வருவதில்லை, பயிற்சியில் வருகிறது. ஹென்றியின் தாத்தா என்ன நட்சத்திரமா வரைந்துகொண்டிருந்தார்? தைக்கிற பெண்ணின் மகள் டாக்டராகலாம். டாக்டர் மகனும் உட்கார்ந்து பழகினால் தைக்கலாம். நம் ஊரில் இரண்டாவதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டேனரியில் ரசாயன டிரம்மின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிய வேண்டும். சம்பளச் சீட்டில் என்ன பிடித்தார்கள் என்று கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

ஆனால் சொல்லத் தெரியாததால் தெரியாது என்று ஆகாது. இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல, கூலிப் பிரச்சினை. 1948ஆம் வருஷக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பட்டியலிலேயே தோல் பதனிடும் தொழில் இருந்தது. 2019இன் ஊதியச் சட்டத்திலும் தொழிலாளர்களை அன்ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, ஸ்கில்டு என்றெல்லாம் தரம் பிரிக்கிறார்கள். விரலால் தடவியே தோலின் கனம் சொல்கிறவர் எந்தத் தரம்? அவரிடம் சர்டிபிகேட் இல்லை, விளக்கிச் சொல்லவும் வராது என்பதற்காக அன்ஸ்கில்டு என்று எழுதினால், அது நான் ரேங்க் கார்டில் எழுதிய அதே பொய்தான். என் பொய்யால் ஒரு குழந்தை அழுதிருக்கும். அந்தப் பொய்யால் மாதாமாதம் ஒரு வீட்டுக்கு வரவேண்டிய பணம் குறைகிறது.

இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, "ஞாபக சக்தி இல்லை" என்று எழுதும் முன், அந்தப் பிள்ளை கையால் என்ன செய்கிறது என்று ஒரு நாள் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அம்மா, நீ இதைப் படிப்பாயோ மாட்டாயோ. அன்றைக்கு ரேங்க் கார்டில் எழுதியது தப்பு. இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.