எழுதப்படாத பங்கு

1945 முதல் இலவசக் கல்வி நிலவும் நம் நாட்டில், அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. ஆயினும் தெமோதரைத் தோட்டத்து மாணவியொருவர் பேராதனைக்கோ மட்டக்களப்புக்கோ பயிலச் செல்லும்போது, உணவும் பயணமும் நூல்களும் குடும்பத்தின் பங்காகின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்த மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும், 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி, அது கொழுந்து பறிக்கும் தாயின் ஆறு நாள் உழைப்புக்கும் குறைவு.

அமெரிக்கக் கல்லூரிகள் பல, உதவித்தொகையை அறிவிக்கும்போதே மாணவர் தம் உழைப்பாலும் சேமிப்பாலும் ஈடுசெய்யவேண்டிய பங்கையும் தொகையிட்டுக் காட்டுகின்றன. இங்கோ அப்பங்கு கடனாகவும் அடகாகவுமே தெரியவருகிறது. அனுமதியுடன் மாதச் செலவு மதிப்பீட்டையும் அறிவிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடமையென வலியுறுத்துகிறோம். ஊவாவின் தமிழ், முஸ்லிம் நலன்புரி அமைப்புகளும் எஞ்சும் பங்கைக் கணக்கிட்டே உதவ முன்வரல் வேண்டும்.