கேம்ஷாஃப்டும் ‘அசல் வடிவமும்’

வின்டேஜ் வண்டிகளின் பதிவு பற்றிச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2021 ஜூலை 15 அறிவிக்கையை நம் வாசகர்களில் பலர் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரும் ஓவர்ஹால் எதுவும் நடந்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கட்டிய ஹெரால்ட் 1961-இல் தொடங்கி 1971-இல் நின்றது. மிஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் இப்போது அந்த 50-ஐத் தாண்டிவிட்டன. மார்க் 2 அம்பாசடர்களும் வரிசையில் நிற்கின்றன. பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: என்ஜினைப் பிரித்துக் கேம்ஷாஃப்டை மாற்றினால் வின்டேஜ் தகுதி போய்விடுமா?

நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தேய்ந்த கேம்ஷாஃப்டை எடுத்துவிட்டு அதே டைமிங், அதே லிஃப்ட் உள்ள இன்னொன்றைப் போடுவது பழுதுபார்ப்பு. டைமிங்கையே மாற்றும் கேமைப் போடுவது மாற்றம். டேப்பட் கவரைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதால் அது பழுதுபார்ப்பாகிவிடாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வண்டிக்கும் அசல் கேம்தான் நல்லது. ஹெரால்ட் 948 என்ஜினின் கேம் 10-50 வகை: டியூரேஷன் 240 டிகிரி, ஓவர்லாப் 20. பலரும் ஆசைப்படும் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கேம் 25-65: டியூரேஷன் 270, ஓவர்லாப் 50. அது 1296 சி.சி.க்கும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டருக்கும் அமைத்தது. ஒற்றைக் கார்புரேட்டர் 948-இல் அதைப் போட்டால் இன்டேக் வால்வு 15 டிகிரி தாமதமாக மூடும். குறைந்த ஆர்.பி.எம்.இல் உள்ளே வந்த கலவையை ஏறிவரும் பிஸ்டன் திரும்பத் தள்ளிவிடும். இரண்டாம் கியர் பிக்கப் போய்விடும், ஐடிலிங் தள்ளாடும். வாக்குவம் குறைவதால் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸும் குழம்பும். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் அங்கிருந்து அடுத்த வேலைக்குப் போகிறார்கள். கேமில் தொடங்கிய மாற்றம் அப்படித்தான் என்ஜின் முழுவதும் பரவுகிறது. பி-சீரிஸ் அம்பாசடரில் எம்.ஜி.பி.யின் 16-56-51-21 கேமைப் போட நினைப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஏ.சி. பெட்ரோல் பம்ப்பை ஓட்டும் எக்சென்ட்ரிக் அந்தக் கேமில் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் உண்டு. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட விதி அனுமதிப்பதில்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். பாதி நாள் நின்றுகொண்டும், ஓடும் நாளில் ஊர்வல வேகத்தில் ஊர்ந்துகொண்டும் இருக்கும் என்ஜினுக்கு மேல் ஆர்.பி.எம். பவர் எதற்கு? மாதக்கணக்கில் நிற்கும்போது லோப்பிலிருந்து ஆயில் வடிந்துவிடும். திறந்து நிற்கும் வால்வுகளின் ஸ்பிரிங் அழுத்தம் முழுவதும் அந்தந்த லோப் முனையின் மேல் இருக்கும். இந்த நிலையில் தடித்த ஸ்பிரிங் கேட்கும் கேம் ஆபத்து. ஆயிலிலும் கவனம் வேண்டும். 2004-இல் ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம் வந்ததிலிருந்து மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரோலர் இல்லாத தட்டை டேப்பட்டுக்கு அது போதாது. கேம் புதிது என்றால் டேப்பட்டும் புதிதாக வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.க்கு மேல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, அசல் கேம். ஆனால் எது அசல்? இதழ் தொடங்கிய காலத்திலிருந்து நாம் கேட்டுவரும் கேள்வி இது. இப்போது அரசே அந்தச் சொல்லை விதியில் எழுதியிருப்பதால் இன்னும் உரக்கக் கேட்கிறோம்.

நம் ஊரில் பெரும்பாலான கேம்கள் ரீகிரைண்ட் செய்தவை. கிரைண்டிங் மெஷின் ஒரு மாஸ்டரைத் தடவித்தான் லோப்பை வெட்டும். அந்த மாஸ்டர் எங்கிருந்து வந்தது? யாரோ கொண்டுவந்த ஒரு கேமிலிருந்து. அந்தக் கேம் ஏற்கெனவே தேய்ந்ததா, ஒருமுறை ரீகிரைண்ட் ஆனதா என்று பதிவு இல்லை. கார்பன் தாள் வைத்து எடுத்த பிரதிக்குப் பிரதி எடுப்பதுபோல, ஒவ்வொரு சுற்றிலும் முனை கொஞ்சம் மழுங்குகிறது, ரேம்ப் கொஞ்சம் மாறுகிறது. பேஸ் சர்க்கிள் சிறுத்ததால் ராக்கர் கோணம் மாறியிருக்கும். சில்டு காஸ்ட் அயர்னின் கடினப் பரப்பு சில இடங்களில் சீவப்பட்டு முடிந்திருக்கும். டேப்பட் சுழல்வதற்காக லோப்பில் வைத்திருக்கும் நுண்ணிய சரிவு போய்த் தட்டையாகியிருக்கும். சுழலாத டேப்பட் சில நூறு கிலோமீட்டரிலேயே லோப்பைத் தின்றுவிடும். பில்லில் மட்டும் ‘ஸ்டாண்டர்ட் கேம்’ என்று இருக்கும்.

இந்தக் கேமைப் போட்ட வண்டி அசல் வடிவில் இருக்கிறதா, இல்லையா? விதி சொல்லவில்லை. என்ஜினில் எது மாற்றம், எது பராமரிப்பு என்று அதில் விளக்கம் இல்லை. அசலை எந்த ஆவணத்தோடு ஒப்பிடுவது என்றும் இல்லை. லோப் லிஃப்ட் எத்தனை, எத்தனை டிகிரியில் திறந்து எத்தனை டிகிரியில் மூட வேண்டும் என்ற தாளை யாரும் எங்கும் ஒப்படைக்க வேண்டும் என்றும் அது கேட்கவில்லை. 20,000 ரூபாயை மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

ஹெரால்ட் பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேம் ஜர்னல் ஷெல் இல்லாமல் நேரடியாக வார்ப்பிரும்பில் ஓடுகிறது. 50 ஆண்டில் அந்தத் துளைகள் ஓவலாகிவிட்டால் எந்தக் கேமைப் போட்டாலும் ஆயில் பிரஷர் ஏறாது. லைன் போர் செய்து புஷ் அடித்தால்தான் பிளாக் பிழைக்கும். சொல்லுக்குச் சொல் படித்தால் அது என்ஜினில் செய்த மாற்றம்! அசல் எண் பொறித்த பிளாக்கைக் காப்பாற்றியவருக்குத் தகுதி இல்லை. வால்வு டைமிங்கை முற்றிலும் மாற்றி மூடிவைத்தவருக்குத் தகுதி உண்டு. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதோடு ஆய்வு முடியும் இடத்தில் வேறென்ன நடக்கும்? உண்மையைச் சொல்லும் பட்டறைக்குத்தான் தண்டனை. பில்லில் ‘லைன் போர், புஷ்’ என்று எழுதாதே என்று வாடிக்கையாளரே கேட்கும் நிலைக்குத் தொழிலைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது இந்த ஒரு வரி. பழைய வண்டிகளைப் பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவரையாவது உட்காரவைத்து இந்த வரியை எழுதியிருக்கலாம். விதியில் ஒரு விளக்கக் குறிப்பு சேர்ப்பதற்கு எத்தனை ஆண்டு வேண்டும்?

அமைச்சகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. தேய்மானப் பாகங்களைத் தயாரிப்பாளரின் அளவுக்கே புதுப்பிப்பதும், அசல் பிளாக்கைக் காப்பதற்கான புஷ், ஸ்லீவ் வேலைகளும் மாற்றமாகக் கருதப்படா என்று எழுத வேண்டும். டைமிங்கையோ கொள்ளளவையோ மாற்றியவர் அதை விண்ணப்பத்திலேயே அறிவிக்க வேண்டும் என்றும் எழுதட்டும். அதை நாம் எதிர்க்க மாட்டோம்.

அதுவரை ஒரு வேலையை நாமே செய்யலாம். ஒருமுறைகூட ரீகிரைண்ட் ஆகாத ஹெரால்ட், அம்பாசடர், ஃபியட் 1100 கேம் உங்கள் அலமாரியில் கிடந்தால் கிரைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். வி-பிளாக்கில் ஏற்றி, டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து, ஐந்து டிகிரிக்கு ஒருமுறை லிஃப்ட்டைக் குறியுங்கள். எட்டு லோப்பையும் தனித்தனியாக அளந்து, பேஸ் சர்க்கிள் விட்டத்தையும் சேர்த்து நமக்கு அனுப்புங்கள். வரும் அட்டவணைகளை ஒவ்வோர் இதழிலும் கட்டணமின்றி வெளியிடுவோம்.