கரன்ட் போனால் அலாரம் ஊமையாகிறதா?

கேள்வி: வீட்டில் திருட்டு அலாரம் வைத்து 5 வருடம் ஆகிறது. கரன்ட் இருந்தால் அலறுகிறது, போனால் சத்தமே இல்லை. பெட்டியையே மாற்ற வேண்டுமா?
- வாசகர், ஒரத்தநாடு

பதில்: வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரிதான் தீர்ந்திருக்கும். சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுள் 3 முதல் 5 வருடம். சூடான இடத்தில் இன்னும் குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது நினைவிருக்கும். அத்தனை நாளுக்கு எந்த அலாரம் பேட்டரியும் தாங்காது. ஆனால் ஓர் இரவுக்காவது தாங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பழைய பேட்டரி மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஏ.எச். என்றிருந்தால் அதையே வாங்குங்கள். கரன்ட்டை நிறுத்திவிட்டுக் கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில். மூடியைத் திறந்ததும் சில பெட்டிகள் அலறும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏறிய பின், மெயினை அணைத்து, அலாரத்தைப் போட்டு, கதவைத் திறந்து பாருங்கள்.

பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். மீன் வலைக்குக் குண்டு செய்கிறேன் என்று அதை உடைத்து ஈயம் உருக்காதீர்கள். அந்தப் புகை பிள்ளைகளுக்கு விஷம்.