பாடசாலைச் சங்கீதக் கல்வியும் பெற்றோரின் பங்கும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் என்பது விருப்பமுள்ள சிலருக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கப்படும் மேலதிகக் கலை அன்று. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் பொதுப் பரீட்சையும் உடைய, அழகியற் பாடங்களுள் ஒன்று. தரம் 6 முதல் 9 வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் கற்க வேண்டும் என்பது நீண்டகாலமாக நிலவிவரும் நடைமுறை. நேரசூசியில் இவ்வாறு இடம் உறுதியாக இருந்தும், கணிதமோ விஞ்ஞானமோ குறித்த தவணைக்குள் முடியாமற்போகும்போது முதலில் இரவல் கேட்கப்படுவது பெரும்பாலும் சங்கீதப் பாடவேளைதான். அந்த இரவல் திரும்பி வருவதும் அரிது. சங்கீத ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் இச்சங்கம், பிள்ளையின் சங்கீதக் கல்விக்குப் பெற்றோர் செய்யக்கூடிய முதன்மையான உதவி அப்பாடவேளையைக் காப்பதும், அதில் கற்றது மறந்துபோகாதபடி வீட்டில் நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்குவதுமே எனக் கருதுகிறது. தனியார் வகுப்பு, தரச் சான்றிதழ், மேடை ஆகியன அதன் பின்னர் வருபவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவை வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பாடவேளை பறிபோவதற்குப் பெற்றோரின் மௌனமும் ஒரு காரணம். கணித ஆசிரியர் ஒரு மாதம் வராவிட்டால் அதிபரின் அறைக்குச் செல்லும் பெற்றோர், சங்கீத வகுப்பு ஒரு தவணை முழுவதும் நடைபெறாவிட்டாலும் கேள்வி கேட்பதில்லை. இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு தவறான கணக்கு உள்ளது. க.பொ.த. சாதாரண தரத்தில் சங்கீதத்தைத் தெரிவுசெய்தால் தகவல் தொழினுட்பம் போன்ற, தொழிலுக்கு உதவும் பாடமொன்றை இழக்க நேரும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால், நடைமுறையிலிருந்துவரும் அமைப்பில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறு கட்டாயப் பாடங்களுடன் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு பாடம் தெரிவுசெய்யப்பட்டு மொத்தம் ஒன்பது பாடங்களாகின்றன. சங்கீதம் அழகியற் பாடங்களும் இலக்கிய நயப் பாடங்களும் அடங்கிய தொகுதியில் உள்ளது; தகவல் தொழினுட்பமோ வேறொரு தொகுதியில் உள்ளது. ஆகவே சங்கீதம் போட்டியிடுவது சித்திரத்துடனும் நடனத்துடனும் தமிழ் இலக்கிய நயத்துடனுமே. கணினியுடன் அதற்குப் போட்டியே இல்லை. தரம் 9இன் இறுதியில் தெரிவுப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர் இவ்வமைப்பைப் பெற்றோர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

‘எங்களுக்குச் சங்கீதம் தெரியாது’ என்று சொல்லி ஒதுங்கும் பெற்றோருக்கும் வீட்டுப் பயிற்சியில் உரிய வேலை உண்டு. தொடக்க நிலையில் பிள்ளை பாடுவது சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எனப்படும் ஸ்வரப் பயிற்சிகளாகும். மரபுப்படி இவை மாயாமாளவகௌளை இராகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஒரே வரிசையை முதலாம், இரண்டாம், மூன்றாம் காலங்களில், அதாவது தாளத்தின் வேகத்தை மாற்றாமல் ஒரு தாள எண்ணிக்கைக்கு ஒன்று, இரண்டு, நான்கு ஸ்வரங்கள் எனப் பாட வேண்டும் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றனர்: ஸ்வரம் விரைந்தவுடன் கையும் விரைந்துவிடுகிறது. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை உடையது. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் முதல் நான்கு, தட்டும் திருப்பும் இருமுறை வருவது மீதி நான்கு. இதைப் பத்து நிமிடத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம். தாயோ தந்தையோ எதிரில் அமர்ந்து இத்தாளத்தை நிதானம் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தால், பிள்ளை தன் பிழையைத் தானே உணர்ந்துகொள்ளும். திருத்திச் சொல்ல ஒருவர் வேண்டியதில்லை. நாளுக்கு இருபது நிமிடம் இவ்வாறு நடைபெறும் பயிற்சி, வார இறுதியில் ஒரே மூச்சாக நடைபெறும் இரண்டு மணி நேரப் பயிற்சியைக் காட்டிலும் பயன் தருவது என்பதில் இச்சங்கத்தின் ஆசிரியர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சுருதி பற்றித் தனியாகக் கூற வேண்டியுள்ளது. பாடகரின் ஆதார ஒலியான சுருதியைக் கர்நாடக இசையில் கட்டைக் கணக்கில் குறிப்பர். ஆர்மோனியத்தின் ஸ்தாயித் தொடக்கத்திலுள்ள முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, அதற்கு மேலுள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை என அது ஏறிச் செல்லும். சிறுவரும் சிறுமியரும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டை அளவில் இயல்பாகப் பாடுவர். பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீள்வதால், குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்ந்து இறுதியில் ஒரு கட்டையை ஒட்டி நிலைகொள்கிறது. இடைப்பட்ட மாதங்களில் குரல் பிளவுபடுவதும் மேல் ஸ்வரங்கள் எட்டாமற்போவதும் வளர்ச்சியின் இயல்பு. ஆயினும் ‘குரல் போய்விட்டது’ என்று தீர்ப்பளித்து வீட்டாரே பிள்ளையை இப்பாடத்திலிருந்து விலக்குவது சாதாரணமாக நடைபெறுகிறது; சங்கீத வகுப்புகளில் ஆண்பிள்ளைகள் குறைந்துபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என இச்சங்கம் கருதுகிறது. இக்காலத்தில் சுருதியைத் தாழ்த்தி, மேல் ஸ்தாயியை வற்புறுத்தாமல், குறைந்த நேரம் பாடுவதே தக்கது. மிருதங்கம் போன்ற தாளவாத்தியம் ஒன்றைத் தொடங்குவதற்கும் இது ஏற்ற பருவம். சகோதரியின் சுருதியில் வைத்த சுருதிப்பெட்டியோடு தம்பியும் பாட வேண்டும் என்ற வீட்டுச் சிக்கனம் மட்டும் ஆகாது.

சான்றிதழ்கள் குறித்தும் நிலைப்பாடு தெளிவாக இருக்க வேண்டும். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை நடத்திவரும் தரப் பரீட்சைகள் பல தலைமுறைக் கலைஞரையும் ஆசிரியரையும் உருவாக்கியவை. அவற்றின் மதிப்பை இச்சங்கம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் பரீட்சைக்குரிய சில உருப்படிகளை மட்டும் ஆண்டு முழுவதும் உருப்போட்டுத் தரத்தின் மேல் தரம் தாண்டும் பிள்ளை, புதிய கீர்த்தனை ஒன்றின் தாளத்தைக் கேட்டு அறிய இயலாது நிற்கும் நிலையும் உண்டு. அவ்வாறான ஏற்றத்தை விரைவுபடுத்துமாறு பெற்றோர் ஆசிரியரை நெருக்குவது பிள்ளைக்குத் தீங்கு. தமிழ்மொழித் தினப் போட்டிகள் வேறொரு சிக்கலை உண்டாக்குகின்றன: தெரிவான சிலரைப் பயிற்றுவதற்காக ஆசிரியர் வாரக்கணக்கில் அழைக்கப்படும்போது, தெரிவாகாத பெரும்பான்மையினரின் வகுப்பு நின்றுவிடுகிறது. வெற்றிக் கேடயத்துக்காகப் பாடசாலையைப் பாராட்டும் பெற்றோர், ஏனைய வகுப்புகள் அக்காலத்தில் எவ்வாறு நடைபெற்றன என்பதையும் கேட்பது பொருத்தம்.

கேள்வி ஞானம், அதாவது கேட்டுக்கேட்டே பெறும் இசையறிவு, வகுப்பறையில் முழுமையாகக் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது கோயில் வீதியிலேயே கிடைக்கக்கூடியது. தவில் மேதை தட்சிணாமூர்த்தியையும் நாதஸ்வரக் கலைஞர் அளவெட்டி பத்மநாதனையும் தந்த மண்ணில், திருவிழாவின்போது மேளக் கச்சேரி தொடங்கியதும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் வியப்புக்குரியது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் மத்தளத்தையும், மலையகத்தில் காமன் கூத்தின் தப்பையும் அறிந்த பெற்றோர் தம்மை இசையறியாதோர் என எண்ணிக்கொள்கின்றனர். தாலாட்டும் தேவாரமும் தேவாலயப் பாடலும் நாட்டார் பாடலும் வீட்டில் ஒலிக்குமாயின், வகுப்பில் ஆசிரியர் கூறும் இலக்கணத்துக்கு உதாரணம் பிள்ளையின் காதிலேயே இருக்கும்.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, தொடக்கத்திலேயே விலை கொடுத்து வாங்குமாறு எந்தப் பெற்றோரையும் வற்புறுத்தலாகாது. பாடுவதற்குச் சுருதி போதும்; கைபேசியிலுள்ள சுருதிச் செயலியே அதற்குப் போதுமானது. வயலின் பிள்ளையின் கை நீளத்துக்கேற்ற அளவில் அமைய வேண்டும் என்பதால் ஒன்றை வாங்கிச் சில ஆண்டுகளில் மாற்ற நேரிடும். பல பாடசாலைகளில் வயலினும் மிருதங்கமும் ஆர்மோனியமும் பழுதடையும் என்ற அச்சத்தால் அலுமாரிக்குள் பூட்டப்பட்டு, பாவனையின்றியே பழுதடைகின்றன. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கட்டடமும் மதிலும் பேசப்படுமளவுக்கு இவ்விடயமும் பேசப்பட வேண்டும்: வாத்தியங்களின் பதிவேடு, மிருதங்கத்துக்குத் தோல் மாற்றவும் வயலினுக்குத் தந்தி மாற்றவும் ஆண்டுதோறும் ஒரு சிறு நிதி, பெற்றோரின் கையொப்பத்துடன் வார இறுதியில் பிள்ளை வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஒழுங்கு ஆகியவற்றை அங்கு பெற்றோரே முன்மொழியலாம். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைப்பதும், மிருதங்கத்தை வெயிலும் ஈரமும் படாமல் வைப்பதும் பெற்றோர் மேற்பார்வையில் நடைபெறுமாயின், அலுமாரியின் திறப்பை ஒப்படைப்பதில் அதிபருக்குத் தயக்கம் இருக்காது.