பாட்டு அறுந்தால் கணினியைத் தூக்கிப் போடுவதா?

கிட்வாய் நகர் வீட்டில் லினக்ஸ் ஓடும் பழைய கணினி. அதன்வழியே சென்னை ஆசிரியரிடம் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு. ஸ்வரம் நடுவில் அறுந்தால் உடனே கபாடிவாலாவைக் கூப்பிடுவது அநியாயம், அன்பர்களே! முதலில் கணினியிலேயே பதிந்துள்ள பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது சீராக ஓடினால் கோளாறு பெரும்பாலும் இணைய இணைப்பில்தான். அதுவும் அறுந்தால் ‘பஃபர்’ போதவில்லை எனலாம். பஃபர் நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போல. கணினி வேறு வேலையில் மூழ்கி நிரப்பத் தவறினால் குழாய் வறளும். நொடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் ஓடுகையில், 1,024 பிடிக்கும் தொட்டி 21 மில்லிநொடிதான் தாங்கும். ஃபெடோராவில் 2021 முதல் ஒலியைக் கவனிக்கும் பைப்வயரில் ‘குவாண்டம்’ அளவை 2,048 ஆக்கினால் அவகாசம் இரட்டிக்கும். ஒலி சற்றுத் தாமதிக்கும், உண்மைதான். இணையவழி வகுப்பில் ஏற்கெனவே உள்ள தாமதத்தின் முன் அது எம்மாத்திரம்?