எழுபது வளைவு, ஒரு சந்தா

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ரசிப்பவர்கள் ஒரு வகை. எண்ணுபவர்கள் இன்னொரு வகை. நான் மூன்றாவது வகை. நாமக்கல்லில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, 'இன்னும் எத்தனைங்க?' என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கிற வகை. அவர் ஒவ்வொரு தடவையும் 'பாதி தாண்டியாச்சுங்க' என்றார். இப்படி நாலு தடவை பாதி தாண்டினோம்.

செம்மேட்டில் மச்சினன் காத்திருந்தான். வங்கி உத்தியோகம். மலைக்கு மாற்றலாகி எட்டு மாசம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பனியைத் தவிர பேச்சுத் துணை கிடையாது. இந்த நிலைமையில் ஒரு வாலிபன் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டுதான். நல்லவேளை, காமிரா வாங்கிவிட்டான்.

"மாமா, போட்டோகிராபி பத்திரிகை ஒண்ணுக்கு சந்தா கட்டலாம்னு இருக்கேன். எதுக்குக் கட்டலாம்? நீங்கதான் பத்திரிகையில எழுதறவராச்சே!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் செக் எப்போது வரும் என்பது மட்டும்தான். அதுவும் சரியாகத் தெரியாது. ஆனால் நான் பி.காம். படித்தவன். எதைக் கேட்டாலும் முதலில் 'எவ்வளவு?' என்று கேட்கப் பழகியவன். கேட்டேன்.

கட்டிலில் மூன்று பத்திரிகைகளைப் பரப்பினான். ஒன்று சீமைச் சரக்கு. மற்ற இரண்டும் நம் நாட்டில் அச்சடித்தவை. அதில் ஒன்று சேலத்தில் பழைய புத்தகக் கடையில் பொறுக்கியது, மூலையெல்லாம் மடங்கிக் கிடந்தது. புதிதாக இருந்த இரண்டிலும் நடுவில் ஒரு கெட்டி அட்டை. ஒரு வருஷ சந்தா ஒரு விலை. மூன்று வருஷம் கட்டினால் கிட்டத்தட்ட பாதி விலை. கூடவே ஒரு தோள் பை இலவசம்.

"மூணு வருஷமே கட்டிடலாமா மாமா? பை நல்லா இருக்கு."

நம்மில் பாதிப் பேர் பைக்கு சந்தா கட்டி, பத்திரிகையை இலவசமாக வாங்குகிறவர்கள்தான். அவனை உட்காரவைத்துக் கணக்குப் பதிவியல் பாடம் எடுத்தேன். நீ முன்கூட்டிக் கட்டுகிற பணம் பத்திரிகைக்காரரின் ஐந்தொகையில் வருமானம் இல்லை, பொறுப்பு. இன்னும் அனுப்பாத இதழ்களுக்காக அவர் உனக்குக் கடன்பட்டிருக்கிறார். அதாவது, வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல் கடன் கொடுத்தவருக்கு மரியாதையான பெயர் 'சந்தாதாரர்'. கடை மூடினால் கடன்காரர் வரிசையில் உன் இடம் எங்கே என்று வங்கியில் இருக்கிற உனக்கே தெரியும்.

"பெரிய பத்திரிகைங்க எல்லாம் மூடுமா மாமா?"

மூடும். அமெரிக்காவின் 'பாப்புலர் போட்டோகிராபி' 1937-ல் ஆரம்பித்தது. உலகம் முழுக்க மூன்று தலைமுறைக்கு லென்ஸ் பைத்தியம் பிடிக்கவைத்தது. எண்பது வருஷம் ஓடி, 2017-ல் அச்சை நிறுத்தியது. எல்லார் கையிலும் காமிரா இருக்கிற காலத்தில் காமிராப் பத்திரிகை நின்றது. எல்லார் வீட்டிலும் குழாய் வந்த பிறகு தண்ணீர்க்காரர் தேவைப்படாத மாதிரி.

ஆகவே விதி ஒன்று: எந்தப் பத்திரிகையானாலும் ஒரு வருஷத்துக்கு மேல் கட்டாதே. பை வேண்டுமானால் கடையில் வாங்கு.

* * *

அடுத்த சோதனைக்கு அவனுடைய ஆபீஸ் கிளிப்புகள் உதவின. சீமைப் பத்திரிகையை எடுத்து விளம்பரப் பக்கங்களையெல்லாம் கிளிப் போட்டு மூடினோம். புத்தகம் இளைத்தது. அடுத்து, புது காமிரா, புது லென்ஸ், 'பழைய மாடலைவிட இது எவ்வளவு உசத்தி' வகையறா பக்கங்களுக்கும் கிளிப். இப்போது புத்தகம் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்ததுதான் போட்டோகிராபி.

போட்டோப் பத்திரிகைகளில் ஜாதி இரண்டு. ஒன்று காமிராப் பத்திரிகை. படித்து முடித்ததும் உன் கையிலிருக்கும் காமிரா உனக்கே கேவலமாகத் தெரிந்தால் அது அந்த ஜாதி. மற்றது படப் பத்திரிகை. படித்து முடித்ததும் காமிராவை எடுத்துக்கொண்டு வெளியே போகத் தோன்றினால் அது இந்த ஜாதி. லண்டனில் 1884-ல் 'அமெச்சூர் போட்டோகிராபர்' தொடங்கிய நாளிலிருந்து, மும்பையில் 1997-ல் 'பெட்டர் போட்டோகிராபி', 2005-ல் 'ஸ்மார்ட் போட்டோகிராபி' வந்தது வரை, எல்லாப் பத்திரிகையும் இரண்டு ஜாதியும் கலந்ததுதான். கலவை எந்த விகிதம் என்பதைக் கிளிப் சொல்லிவிடும்.

"காமிரா நல்லா இருந்தாத்தானே மாமா படம் நல்லா வரும்?" என்றான் மச்சினன். அவனுடையது ஒரு விநாடிக்குப் பத்துப் படம் சுடுமாம்.

ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கிறது. ஓரி இந்த மலையை ஆண்டவன். விட்டது ஒரே அம்பு. அது யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் ஒரு உடும்பில் போய் நின்றதாகப் புறநானூறு சொல்கிறது. ஒரு ஷாட், ஐந்து உருப்படி. நீ பத்து ஷாட்டில் ஒரு உடும்பையாவது தெளிவாக எடுத்திருக்கிறாயா?

இல்லை என்றான். நேர்மையான பையன்.

அதுவும் போதாது என்றால் மா. கிருஷ்ணன் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னையில் வாழ்ந்து 1996-ல் மறைந்தவர், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே பேர் வாங்கியவர். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு பூதத்தை வைத்திருந்தார். 'சூப்பர் பாண்டெரோசா' என்று அதற்குச் செல்லப் பெயர். அந்த மாடலுக்கு எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வந்ததில்லை.

* * *

இந்த இடத்தில் வீட்டுக்கார ஆயா காப்பியோடு வந்தார். மலையிலேயே விளைந்த காப்பி, பால் இல்லை, வெல்லம். ஆயா மலையாளி. கேரளம் இல்லை; கொல்லிமலையின் பூர்வகுடிகளுக்கு அதுதான் பெயர், பேச்சு சுத்தத் தமிழ். டம்ளரை வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார்.

"தம்பி, படம் எப்ப வரும்?"

"வரும் ஆயா."

ஆயா போய்விட்டார். மச்சினன் காதெல்லாம் சிவந்துவிட்டது. விசாரித்தேன். மெதுவாகக் கக்கினான்.

ஆயாவின் வீட்டுக்காரர் போன வருஷம் இறந்துவிட்டார். மாலை போட ஒரு படம் இல்லை. இருந்தது வாக்காளர் அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். அதைப் பெரிசு பண்ணிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். மனுஷர் நெல்லும் சாமையும் விளைவித்து, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். படத்தில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். பெரிசு பண்ணியதில் மூக்கு கரைந்து போயிருந்தது. "எனக்கும் அப்படி ஆயிரக்கூடாது தம்பி. இப்பவே நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிரு" என்று ஆயா கேட்டிருக்கிறார். இவனும் எடுத்திருக்கிறான், மூன்று மாசம் முன்னால்.

காட்டச் சொன்னேன். கம்ப்யூட்டரில் நாலாயிரம் படம் இருந்தது. ஆகாய கங்கை மட்டும் அறுநூறு. ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி, மூட்டு தேய, விதவிதமாக எடுத்திருக்கிறான். கடைசியில் ஆயா. வெள்ளை வெளேரென்ற மூடுபனி, அதன் முன்னால் கறுப்பாக ஒரு உருவம். கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. பனி மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தது.

"எப்படி எடுத்தாலும் முகம் இருட்டாயிருது மாமா. அதைக் கத்துக்கத்தான் பத்திரிகை."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இவன் சந்தாவுக்கு யோசனை கேட்கவில்லை. ஒரு கடனை அடைக்க வழி கேட்கிறான்.

* * *

மூன்று பத்திரிகைகளையும் மறுபடி புரட்டினோம். இந்தத் தடவை ஒரே கேள்வி: 'ஆயா முகம் ஏன் கறுத்தது?'

சீமைப் பத்திரிகை பத்துப் பக்கத்துக்கு முகப்படம் எடுப்பதைப் பற்றிப் பேசியது. ஸ்டூடியோ, மூன்று விளக்கு, ஒரு குடை, மேக்கப் அம்மணி. மாடல் பெண் பால் நிறம். பின்னணி கறுப்புத் துணி. நம் கேஸுக்கு நேர் தலைகீழ். அவர்களைக் குற்றம் சொல்லி லாபமில்லை. அவரவர் ஊர் வெளிச்சம், அவரவர் ஊர் தோல். பிலிம் காலத்திலேயே கோடக் கம்பெனி, கலர் பிரிண்ட் சரியாக விழுகிறதா என்று பார்க்க லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். 'ஷெர்லி கார்டு' என்று பேர். பல வருஷங்களுக்கு அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். அவள் நிறம் சரியாக வந்தால் மிஷின் சரி. நம் மாநிறமெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாவது பத்திரிகை, முகப்படத்துக்கு ஏற்ற ஐந்து லென்ஸ்களைச் சிபாரிசு செய்தது. விலையைப் பார்த்த மச்சினன் காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

மூன்றாவது, மூலை மடங்கிய பழசு. கடைசிப் பக்கங்களில் வாசகர் அனுப்பிய தோல்விப் படங்களைப் போட்டு, ஆசிரியர் குழுவில் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதியிருந்தார். அதில் ஒன்று, வெயில் அடிக்கும் கடற்கரை. முன்னால் கரிக்கட்டையாக ஒரு மீனவர். அட, நம்ம ஆயா!

சொல்லியிருந்த விஷயம் இதுதான். காமிராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் 'அடேயப்பா, வெளிச்சம் அதிகம்' என்று பயந்து குறைத்துவிடும். பனி சாம்பலாகும், முகம் கரியாகும். பனியை எடுக்க வேண்டுமானால் மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடு. முகம் வேண்டுமானால் முகத்துக்குக் கிட்டே போய் அளவு எடு. அதைவிட சுலபம், ஆளைத் திறந்த வெளியிலிருந்து வாசல்படிக்குக் கூட்டி வா. பின்னால் வீட்டின் இருட்டு, முன்னால் வானத்தின் மெத்தென்ற வெளிச்சம். பனி மூட்டம் போல ஒரு விளக்கு எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. மூன்று மாசமாக ஆயாவை விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

விதி இரண்டு இப்படிப் பிறந்தது: சந்தா கட்டுவதற்கு முன் உன்னுடைய மிக மோசமான படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பத்திரிகையைப் புரட்டு. அதற்கு பதில் சொல்கிற பத்திரிகைதான் உன் பத்திரிகை. ஒரு இதழை வைத்து முடிவு செய்யாதே, ஒரு வருஷ இதழ்களைப் பார். பழைய புத்தகக் கடைகள் எதற்கு இருக்கின்றன? சென்னை வரும்போது எழும்பூர் கன்னிமாராவில் கேள். இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களும் பத்திரிகைகளும் சட்டப்படி அங்கே வந்து சேரவேண்டும், 1954-ம் வருஷத்துச் சட்டம். செல்போனில் படிப்பதானால் 2011-லிருந்து மேக்ஸ்டர் மாதிரி ஆப்கள் இருக்கின்றன, மழை நாளில் மலையில் சிக்னல் இருந்தால்.

விதி மூன்று, தபால். முன்பெல்லாம் கூடுதல் பணம் கட்டினால் ரிஜிஸ்டர் தபாலில் வரும். 2025-ல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதற்கு என்ன கட்டணம் என்று கேட்டுக்கொள். விலாசத்தை ஆபீசுக்குக் கொடு. மாற்றலானால் உடனே எழுதிப் போடு. மாற்றலாகிப் போன எத்தனையோ பேரின் சந்தாவை அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மச்சினன் மூன்றாவது பத்திரிகையின் புது இதழைத் தேடிப் பிடித்து, தோல்விப் பக்கம் இன்னும் வருகிறதா என்று பார்த்து, ஒரு வருஷத்துக்குக் கட்டினான். பை கிடையாது.

* * *

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, பனி இறங்கியிருக்கும்போதே ஆயாவை வாசல்படியில் உட்காரவைத்தான். ஆயா மூக்குத்தியைத் துடைத்துப் போட்டு, நீலப் புடவை கட்டி வந்தார்.

"சிரிங்க ஆயா."

"எதுக்கு?"

இந்த மலையில் சிரிப்பு லேசான விஷயம் இல்லை. கொல்லிப்பாவை என்ற பதுமை சிரித்தே ஆண்களை மயக்கிக் கொல்லும் என்பது சங்க காலத்துக் கதை. ஆயா ரிஸ்க் எடுக்கவில்லை. நேராகப் பார்த்தார். மச்சினன் ஒரே ஒரு தடவை அழுத்தினான். ஓரி மாதிரி.

அடுத்த சனிக்கிழமை நாமக்கல் இறங்கி, பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி எடுத்துப் போனான். நாலாயிரம் படத்தில் காகிதத்தைப் பார்த்த முதல் படம். ஆயா வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாராம். "என்னைய மாதிரியேதான் இருக்கு" என்றாராம். அப்புறம் அதை வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டாமல், துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். இப்போதே மாட்ட அதற்கென்ன அவசரம்?

போன வாரம் போன் செய்தான். பத்திரிகையின் முதல் இதழ் வந்துவிட்டது. ஆயா அதை வாங்கி, அட்டையிலிருந்து அட்டை வரை ஒரு பக்கம் விடாமல் புரட்டியிருக்கிறார்.

"என்ன சொன்னாங்கடா?"

"இதுல நம்ம படம் எப்ப வரும்னு கேக்கறாங்க மாமா."

"நீ என்ன சொன்னே?"

"வரும் ஆயான்னு சொல்லியிருக்கேன்."