பிரிவு 11 சொல்லாமல் விட்டது

சட்டப் படிப்பின் முதலாண்டில் ஒப்பந்தச் சட்டத்தைப் பிரிவு எண்களை வைத்தே கடந்துவிடலாம் என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். எண்ணும் வாசகமும் நெட்டுருவானால் போதும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதற்கு ஒரே ஒரு பிரிவைப் பார்த்தாலே போதும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 11, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்று சொல்கிறது: உரிய வயது வந்தவர், தெளிந்த மனநிலை உடையவர், வேறு சட்டம் எதுவும் தடுக்காதவர். சரி, மைனர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால்? ஒப்பந்தம் அடியோடு செல்லாதா, அல்லது அவர் விரும்பினால் மட்டும் ரத்தாகுமா? பிரிவு வாய் திறப்பதில்லை. இந்திய நீதிமன்றங்களும் அந்நாளில் இதில் ஒத்த கருத்தில் இருக்கவில்லை. 1903-இல் பிரிவி கவுன்சில், மொஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில், அடியோடு செல்லாது என்று தீர்த்தது.

கைடுகள் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். வழக்கின் உயிரோ நடந்த சங்கதிகளில் இருக்கிறது. மைனரான தர்மதாஸ், கல்கத்தா வட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் எழுதிக்கொடுத்தார். பையன் மைனர் என்று அவருடைய தாயின் சார்பில் முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் கடன் கொடுத்தவரின் ஆள் பத்திரத்தை முடித்தார். பின்னர் அடமானம் ரத்தானபோது, கொடுத்த பணத்தையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தெரிந்தே கொடுத்த பணம் என்பதால் நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. (கடன்காரர் தப்பித்துக்கொண்டாரே என்று வகுப்பில் யாராவது முணுமுணுத்தால், பாடம் சரியாகத்தான் நடக்கிறது!)

தேர்வுத் தாள் இங்கேதான் கை வைக்கும். மைனர் வயதைப் பொய்யாகச் சொல்கிறார், கடன் கொடுத்தவருக்கு உண்மை தெரியாது. இப்போது? 'செல்லாது' என்று எழுதினால் பாதி விடைதான். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பிரிவு 33-இல், மைனர் அடைந்த பலனைத் திருப்பித் தரும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. தர்மதாஸ் வழக்கில் பணம் ஏன் திரும்பவில்லை என்று படித்தவருக்குத்தான், இங்கே அது திரும்பக்கூடும் என்று வாதிடத் தோன்றும்.